இறங்காத மாஸ்ட், தானே இறங்கும் மாஸ்ட்

ஃபோர்க்லிஃப்ட் லோடைத் தூக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்: பம்ப், ரிலீஃப் வால்வு, டேங்கில் ஆயில். தூக்கிய லோடு இறங்கவில்லை என்று வண்டி வந்தாலும் பலர் இதே மூன்றைத்தான் பார்க்கிறார்கள். அரை நாள் அதில் போகும். பிறகு, "சீல் கிட் மாத்திப் பாக்கலாம்" என்ற முடிவுக்கு வருவார்கள். சீல் மாற்றுவார்கள். வண்டி மறுபடியும் இறங்காது.

இறக்குவதில் பம்புக்கு வேலையே இல்லை. வழக்கமான கவுன்டர்பேலன்ஸ் வண்டியின் லிஃப்ட் சிலிண்டருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் அழுத்தம். மேலே தள்ளுவது ஆயில், கீழே கொண்டுவருவது எடை. லீவரை முன்னால் தள்ளினால் கன்ட்ரோல் வால்வுக்குள் ஸ்பூல் நகர்ந்து டேங்குக்கு வழி திறக்கிறது. லோடும் கேரியேஜும் உள் மாஸ்டும் தம் எடையால் சிலிண்டரில் உள்ள ஆயிலைப் பிழிந்து வெளியே அனுப்புகின்றன. பழைய டீசல் வண்டிகளில் என்ஜினை அணைத்த பிறகும் ஃபோர்க் இறங்குவது அதனால்தான். ஆகவே இறங்காத மாஸ்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எடை முழுதாகச் சிலிண்டருக்கு வந்து சேர்கிறதா? வந்தால், ஆயில் வெளியேறும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது? முதல் கேள்வி இரும்பைப் பற்றியது, இரண்டாவதுதான் ஆயிலைப் பற்றியது. 'ஹைட்ராலிக் கோளாறு' என்று ஜாப் கார்டில் எழுதப்படுவதில் கணிசமான பகுதி இரும்புக் கோளாறு.

ரிலீஃப் வால்வைத் திருகும் பழக்கத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். தூக்கும்போது பம்பின் அழுத்தத்துக்கு எல்லை கட்டுவது மட்டுமே அதன் வேலை. இறங்கும் வழியில் அதற்குப் பங்கில்லை. திருகினால் இறக்கம் சரியாகாது. தூக்கக் கூடாத எடையை வண்டி தூக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் பல குழப்பம் தீரும். 2 டன் வண்டி, இரண்டடுக்கு மாஸ்ட், இரண்டு பக்கமும் 45 மி.மீ. ராம் கொண்ட சிலிண்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேரியேஜும் ஃபோர்க்கும் சேர்ந்து 300 கிலோ, உள் மாஸ்ட் 200 கிலோ. செயின் உள் மாஸ்டின் உச்சி வழியாகத் திரும்பி வருவதால் ராம் 1 அடி நகர்ந்தால் ஃபோர்க் 2 அடி நகரும். அதற்கு ஈடாக, ஃபோர்க்கில் உள்ள எடை ராமின் மேல் இரட்டிப்பாக அழுத்தும். முழு லோடில் ராம்களின் மேல் விழுவது ஏறத்தாழ 4,800 கிலோ. இரண்டு ராமின் பரப்பும் சேர்ந்து 32 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் 150 பார் அளவில் வரும். காலி ஃபோர்க்கில் விழுவது 800 கிலோ, அழுத்தம் 25 பார்தான்.

காலி ஃபோர்க்கை இறக்க இருக்கும் மொத்த பலம் அந்த 25 பார். ரோலர் உரசல், ஹோஸின் நீளம், வால்வின் குறுகல், ஃபில்டரின் அடைப்பு எல்லாம் அதிலிருந்து தங்கள் பங்கைப் பிடுங்கிக்கொண்டு மிச்சம் விடுவதுதான் இறங்கும் வேகம். லோடோடு நன்றாக இறங்கி, காலியாக மட்டும் தவழ்ந்து இறங்கும் வண்டியில் எங்கோ கூடுதல் உரசலோ எதிர் அழுத்தமோ இருக்கிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி மெதுவாக இறங்கினால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகிறது: ஸ்பூல் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது இறங்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெகுலேட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது. ஒரு ஸ்பேனரும் எடுக்காமல், ஒரு பேலட் சரக்கை வைத்து ஒருமுறையும் வைக்காமல் ஒருமுறையும் இறக்கிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பாகம் கழற்றுகிறவரை நான் நம்ப மாட்டேன்.

சூட்டையும் குளிரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46 ஆயில் என்றால் 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை 46 என்று பொருள். 60 டிகிரியில் அது பாதிக்கும் கீழே போய்விடும். உறைகுளிர்க் கிடங்கில் நிற்கும் வண்டியில் அதே ஆயில் பல மடங்கு கெட்டியாகும். மீன், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்க் கிடங்குகளில் வெளி வேலைக்கான ஆயிலை ஊற்றிவிட்டு, காலி ஃபோர்க் இறங்கவில்லை என்று புகார் செய்வது அதனால்தான். காலையில் மட்டும் மந்தம், பத்து மணிக்கு மேல் சரி என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் பாருங்கள். காலையில் சரி, மதியம் தானாக இறங்குகிறது என்றால் அது எதிர்த்திசைக் கோளாறு. ஆயில் இளகியதும் தேய்ந்த இடங்களின் வழியே கசிகிறது.

கோளாறு இரும்பிலா ஆயிலிலா என்று பிரிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. லீவரை மெல்ல இறக்கத்துக்குத் தள்ளி, பாதுகாப்பான தூரத்தில் நின்று செயினைப் பார்க்க வேண்டும். செயின் தொய்ந்தால் ஆயில் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது, கேரியேஜ்தான் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. ராம் தலைக்கும் மேல் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் உள் மாஸ்ட் சேனலில் இறுகியிருக்கிறது. செயின் விறைப்பாக இருந்து, ராமும் தலையில் ஒட்டி, எதுவும் நகராமல் நின்றால் மட்டுமே கோளாறு ஆயில் பக்கம். (ராம் தலை சட்டத்தோடு போல்ட் போடப்பட்ட மாடல்களில் அந்த இடைவெளி தெரியாது. அங்கே ரோலர்களைத்தான் பார்க்க வேண்டும்.)

தொய்ந்த செயின்தான் இந்த விஷயத்திலேயே மிக ஆபத்தான காட்சி. ஃபோர்க் நுனி ராக்கின் பீமில் மாட்டியிருக்கும். ஓட்டுநர் லீவரைத் தள்ளிக்கொண்டே இருப்பார். உள் மாஸ்ட் இறங்கிவிடும், கேரியேஜ் மேலேயே நிற்கும். ஏதோ ஓர் அசைவில் அது விடுபட்டால், தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரமும் தடையில்லாமல் விழும். சிலிண்டரோ வால்வோ அதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் லோடு ஆயிலின் மேல் நிற்கவில்லை. தொய்வைக் கண்டதும் லீவரை விட்டுவிட்டு, மெதுவாகத் தூக்கும் பக்கம் இழுத்து, செயின் மறுபடி விறைப்பானதை உறுதிசெய்த பிறகே மாட்டிய இடத்தை விடுவிக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பி இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீரம் வேண்டாம்.

சேனலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி கதை அங்கேயே எழுதியிருக்கும். ரோலர் ஓடும் பாதை சீராக மங்கிய பளபளப்போடு இருக்க வேண்டும். ஒரே பக்கம் கத்தி கீறியது போலப் பிரகாசமான கோடு ஓடினால் ரோலர் சுற்றாமல் இழுபடுகிறது, அல்லது பக்கவாட்டு ஷிம் குறைந்து மாஸ்ட் சாய்ந்து உரசுகிறது. சிமென்ட், மாவு, டைல்ஸ் வைத்திருக்கும் கோடவுன் வண்டிகளில் கிரீஸும் தூசியும் சேர்ந்து கறுத்த களிம்பாக இறுகிக் கிடக்கும். அதன் மேலேயே புதுக் கிரீஸை அப்புவது அரைக்கும் பசையைக் கூட்டுவது மாதிரி. பழையதைச் சுரண்டித் துடைத்த பிறகுதான் புதியது. இடித்து ஒடுங்கிய சேனல், வளைந்த ராம், ஒரு பக்கம் அதிகம் இறுக்கிய செயின் ஆகியவை மாஸ்ட்டை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் தடுமாற வைக்கும். எப்போதும் ஒரே உயரத்தில் குதித்து இறங்கினால் அது நிச்சயம் இரும்புதான். ஆயிலுக்கு உயரம் தெரியாது.

செயினையும் அப்போதே அளந்துவிடுவது நல்லது. லீஃப் செயின் 3 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும் என்பது பொதுவிதி. 15.875 மி.மீ. பிட்ச் கொண்ட செயினில் 20 பிட்ச் புதிதாக 317.5 மி.மீ. இருக்கும். அது 327 மி.மீ. தொட்டால் கதை முடிந்தது. எப்போதும் புல்லியில் உருளும் பகுதியை அளக்க வேண்டும். ஆங்கர் பக்கம் உருளாத பகுதியை அளந்து 'நல்லா இருக்கு' என்று எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

மூன்றடுக்கு ஃபுல் ஃப்ரீ லிஃப்ட் மாஸ்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. தூக்கும்போது நடுவில் உள்ள ஃப்ரீ லிஃப்ட் சிலிண்டர் முதலில் ஏறி, பிறகு பக்கச் சிலிண்டர்கள் ஏறும். இறங்கும்போது பக்கச் சிலிண்டர்கள் முதலில், நடு சிலிண்டர் கடைசியில். இந்த முறை மாறி, நடு சிலிண்டர் முதலில் இறங்கிவிட்டுப் பிறகு பக்கம் 'டமார்' என்று இறங்கினால், வால்வைக் கழற்றுவதற்கு முன் பக்கச் சிலிண்டர்கள் தூக்கும் மாஸ்ட் அடுக்குகளின் உரசலைப் பார்க்க வேண்டும். எந்தச் சிலிண்டரில் அழுத்தம் அதிகமோ அது முதலில் இறங்கும் என்பதுதான் அந்த வரிசையின் அடிப்படை. உரசல் அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது.

இரும்பு சரி என்றால் ஆயிலின் வழியை லீவரில் தொடங்கிப் பின்தொடரலாம். லீவர் முழுதாகத் தள்ளப்பட்டாலும் ஸ்பூல் முழுதாக நகர்கிறதா? ஃப்ளோர் பிளேட்டைத் திரும்ப மாட்டும்போது லிங்க் கம்பி வளைவது, பின் தேய்ந்து ஆட்டம் காண்பது, ரப்பர் உறைக்குள் கல் புகுவது எல்லாம் நடப்பவை. அடுத்து ஃப்ளோ ரெகுலேட்டர். ஏறும் ஆயிலைத் தாராளமாக விட்டு, இறங்கும் ஆயிலை மட்டும் கட்டுப்படுத்துவது அது. அதன் உள்ளே சின்னத் துகள் சிக்கினால் மாஸ்ட் தவழும். திறந்த நிலையிலேயே அது சிக்கினால் லோடோடு பாயும். பழுது பார்த்த பிறகு ஏறுவது மந்தம், இறங்குவது வேகம் என்று இரண்டும் மாறி வந்தால், யாரோ அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

சிலிண்டரின் அடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு அடுத்தது. ஹோஸ் வெடித்தால் ஓட்டம் திடீரென்று கூடும், அதை உணர்ந்து அது மூடிக்கொள்ளும். வெடிக்காத ஹோஸிலும் அது சில நேரம் மூடும். கனத்த லோடோடு ஓட்டுநர் லீவரை ஒரேயடியாகத் தள்ளும்போது, அல்லது சிலிண்டரில் காற்று தங்கியிருக்கும்போது. கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், சற்றுத் தூக்கி மெதுவாக இறக்கினால் போகும் என்று ஓட்டுநர் சொன்னால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். சொல்லப்போனால் குற்றவாளியே இல்லை, தன் வேலையைச் செய்திருக்கிறது. காற்றை வெளியேற்றி, ஓட்டுநரின் கையை நிதானப்படுத்த வேண்டும்.

ஆயில் பக்கக் கோளாறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அதாவது மிகவும் எரிச்சலூட்டுவது, உள்ளே உரிந்த ஹோஸ். வெளியே பார்க்க முறுக்குக் குலையாமல் இருக்கும். உள் ரப்பர் மட்டும் ஓரிடத்தில் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கும். ஆயில் மேலே போகும்போது நாக்கு சுவரோடு படிந்து வழிவிடும். திரும்பும்போது எழும்பிக் குழாயை அடைத்துவிடும். நன்றாகத் தூக்குகிறது, இறங்க மறுக்கிறது, வால்வு, ரெகுலேட்டர், சிலிண்டர் எல்லாம் மாற்றியாயிற்று என்ற நிலையில் பழைய ஹோஸை நீளவாட்டில் அறுத்துப் பார்த்தால் அந்த நாக்கு கண்ணில் படும். சந்தேகம் வந்த ஹோஸை மாற்றுவது ஒரு வால்வை விட எவ்வளவோ மலிவு.

திரும்பு ஃபில்டரும் டேங்கின் பிரீதரும் அடைத்தால் காலி ஃபோர்க் மந்தமாகும். ஆயில் அளவை மாஸ்ட்டை முழுதாக இறக்கிய பிறகே பார்க்க வேண்டும் என்ற விதியும் இதே பிரீதரோடு சம்பந்தப்பட்டது. ஃபோர்க் மேலே இருக்கும்போது குறைகிறதே என்று ஊற்றினால், இறக்கியதும் சிலிண்டர் ஆயில் எல்லாம் திரும்பி வந்து பிரீதர் வழியாகக் கொட்டும்.

மின்சாரம் இப்போது ஆயில் வழியின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. புதிய வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையில் இல்லாவிட்டால் மாஸ்ட் அசையாதபடி பூட்டு வால்வு உண்டு. டொயோட்டா வண்டிகளில் ஓ.பி.எஸ். என்பது அதுதான். இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் பழுதானால், அல்லது அதன் கனெக்டரில் தண்ணீர் புகுந்தால், ஆயிலிலும் இரும்பிலும் ஒரு குறையும் இல்லாமல் லோடு மேலேயே தொங்கும். ரீச் ட்ரக்குகளில் இறக்கத்தைக் கட்டுப்படுத்துவது சோலினாய்டு வால்வும் கன்ட்ரோலரும். அங்கே முதலில் டிஸ்ப்ளேயின் எர்ரர் கோடு, பிறகுதான் ஸ்பேனர். மாட்டிய லோடை அவசரத்துக்கு இறக்க இத்தகைய வண்டிகளின் வால்வில் கையால் திருகும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஆபரேட்டர் மேனுவலில் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது நல்லது. லோடு அந்தரத்தில் இருக்கும்போது தேடுவது அழகல்ல. (கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் இறங்கவில்லை என்றால் இவ்வளவு யோசனை தேவையில்லை. கைப்பிடி அடியில் உள்ள செயின் அட்ஜஸ்ட் நட்டைக் கொஞ்சம் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.)

இனி மறுபக்கம், தானே இறங்கும் மாஸ்ட். இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஸ்பூல் வால்வு உள்ள வண்டி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்பது. ஸ்பூலும் அதன் துளையும் உரசாமல் நகர வேண்டுமானால் சில மைக்ரான் இடைவெளி வேண்டும், இடைவெளி இருந்தால் கசிவு உண்டு. எவ்வளவு அனுமதி என்பதை ஐ.எஸ்.ஓ. 3691-1 சொல்கிறது. 10 டன் வரையுள்ள வண்டியில், முழு லோடு, வேலைச் சூட்டில் ஆயில், முதல் 10 நிமிடத்தில் 100 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. நம் 2 டன் வண்டியின் கணக்கில் ராம் 50 மி.மீ. இறங்கினால் ஃபோர்க் 100 மி.மீ. இறங்கும். அதற்கு வெளியேறும் ஆயில் 160 மில்லி, நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. அவ்வளவு சின்னக் கசிவுதான் நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் நடுவே நிற்கும் கோடு. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இது நடக்கும்.

கசிவே இல்லாமல் இறங்குவதும் உண்டு. ஆயில் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் சுமார் 0.07 சதவீதம் சுருங்கும். ராம் ஒன்றரை மீட்டர் வெளியே இருக்கும்போது 60 டிகிரியில் நிறுத்திய ஆயில் இரவில் 30 டிகிரிக்கு வந்தால் ராம் 3 செ.மீ. இறங்கும், ஃபோர்க் 6 செ.மீ. இறங்கும். காலையில் அளந்து பார்த்துச் சீல் மாற்றச் சொல்லும் சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லலாம். ஃபோர்க்கை உயர்த்தி வைத்துவிட்டு ஏன் வீட்டுக்குப் போனீர்கள் என்றும் கேட்கலாம்.

அளவு மீறினால் கசிவு சிலிண்டரிலா வால்விலா என்று பிரிக்க வேண்டும். ஃபோர்க்கைத் தரையருகே ஒரு சின்ன உயரத்தில் லோடோடு நிறுத்தி, சிலிண்டர் லைனில் ஷட் ஆஃப் வால்வு ஒன்றை இடைவைத்து மூட வேண்டும். பிறகும் இறங்கினால் சிலிண்டர், நின்றுவிட்டால் கன்ட்ரோல் வால்வு. ராம் வகை சிலிண்டரில் சீல் போனால் ஆயில் வெளியே வழியும், தேட வேண்டியதில்லை. பிஸ்டன் வகையில் சீலைத் தாண்டும் ஆயில் மேல் பக்கத்துக்குப் போய், அங்குள்ள பிரீதரிலோ டேங்குக்குப் போகும் சின்ன ஹோஸிலோ தெரியும். அந்த ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு வைத்தால் போதும்.

இன்னொரு அறிகுறி ஓட்டுநர் மட்டுமே கவனிப்பது. நிறுத்திய லோடை மறுபடி தூக்க லீவரை மெல்ல இழுத்ததும் ஃபோர்க் முதலில் ஒரு விரல் கீழே அமிழ்ந்து பிறகு ஏறும். ஸ்பூல் திறந்த நொடியில் பம்பின் அழுத்தம் இன்னும் ஏறவில்லை, சிலிண்டர் ஆயில் பின்னால் ஓடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய லோடு செக் வால்வு அதன் சீட்டில் சரியாக உட்காரவில்லை. ஒரு துகளைத் துடைத்து எடுத்தாலே பல நேரம் சரியாகும். இதே ஓட்டுநர் என்ஜின் அணைத்த நிலையில் டில்ட் லீவரைத் தள்ளினால் மாஸ்ட் முன்னால் சாயவில்லை என்றும் புகார் சொல்வார். அது கோளாறல்ல, டில்ட் லாக். சாய்ந்த லோடு கவிழாமல் இருக்க வேண்டுமென்றே வைத்தது.

வேகமாக இறங்கும் மாஸ்ட்டைப் பற்றி ஒரு வரம்பு போதும்: ஹைட்ராலிக் லைன் அறுந்தாலும் முழு லோடு நொடிக்கு 0.6 மீட்டரைத் தாண்டி இறங்கக் கூடாது. ரெகுலேட்டரின் துளையைப் பெரிதாக்கி 'ஸ்பீடு கூட்டித் தருகிறேன்' என்பவர் அந்த வரம்பைத்தான் துளையிடுகிறார். ஷிஃப்டுக்குக் கூடுதலாக நாலு பேலட் கிடைக்கும், அந்த ரெகுலேட்டர் வேண்டிய நாளில் இருக்காது.

இத்தனை சோதனைக்கும் முன்நிபந்தனை, உயர்த்திய மாஸ்ட்டுக்குள் கையோ தலையோ போகக் கூடாது என்பது. அமெரிக்காவின் ஓஷா விதி உயர்த்திய பகுதிக்கு அடியில், காலியானாலும் லோடானாலும், எவரும் நிற்கவோ கடக்கவோ கூடாது என்கிறது. கழற்றுவதற்கு முன் உள் மாஸ்ட்டை வெளி மாஸ்ட்டோடு செயின் போட்டுக் கட்டி, கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். லைனில் அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே யூனியன் நட்டைத் தொட வேண்டும். கசிவைத் தேட விரலை ஹோஸின் மேல் ஓட்டாதீர்கள், ஒரு அட்டையை ஓட்டுங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி அளவுதான் தெரியும், அதிகம் வலிக்காமல்கூட இருக்கும். ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சைக்கான காயம். துணி சுற்றிக்கொண்டு ஷிஃப்டை முடித்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

வண்டி பட்டறைக்கு வரும்போது 'இறங்கலை' என்ற ஒரே சொல்லோடு வருவதுதான் மெக்கானிக்குக் கிடைக்கும் மோசமான தகவல். லோடோடா காலியாகவா, காலையா மதியமா, எந்த உயரத்தில், செயின் விறைப்பா தொய்வா, லீவரை மெல்லத் தள்ளினாலும் அப்படியா என்ற ஐந்தும் ஓட்டுநர் ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதினால், மேலே சொன்னவற்றில் முக்கால்வாசி வண்டியைத் தொடாமலே கழிந்துவிடும்.

வேலை முடிந்த பிறகு காலி ஃபோர்க்கை நாலைந்து முறை முழு உயரம் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயில் சூடானதும் முழு லோடை ஏற்றி, லீவரை நடுவில் விட்டு, என்ஜினை அணைத்து, உள் மாஸ்ட்டும் வெளி மாஸ்ட்டும் சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தள்ளி நின்று 10 நிமிடம் பார்க்க வேண்டும். கோட்டின் இரு துண்டும் விலகிய தூரத்தை இரண்டால் பெருக்கினால் ஃபோர்க் இறங்கிய தூரம் வரும், இரண்டடுக்கு மாஸ்ட்டில். அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதிய பிறகுதான் சாவியை ஓட்டுநரிடம் கொடுக்கலாம்.